பட்டிக்காட்டானும் மிட்டாய்க்கடையும்

"பட்டிக்காட்டான் மிட்டாய்க்கடையைப் பார்த்த மாதிரி"ன்னு ஒரு சொலவடை இருக்கே, அதை முதல்ல சொன்னவன் பட்டிக்காட்டானா இருக்க முடியாது. மிட்டாய்க்கடைக்காரனாவும் இருக்க முடியாது. அவனுக்கு யாவாரம் முக்கியம், பார்க்கிறவனைப் பார்த்துச் சிரிக்க மாட்டான். பக்கத்துல நின்னு ஓசியில வேடிக்கை பார்த்த எவனோ ஒருத்தன் சொன்னதாத்தான் இருக்கணும்.

2024 மே மாசம் இந்தச் சொலவடையை என் காதுபடவே ஒருத்தர் சொன்னார். இடம் சென்னை. மச்சினன் குடியிருக்கிற அடுக்குமாடியோட லிப்ட். எங்கம்மா லிப்ட் கண்ணாடியில முகத்தைப் பார்த்து, கொண்டையைச் சரி பண்ணிக்கிட்டு நின்னா. எம் மகன் எல்லா பட்டனையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். கூட வந்த பெரியவர், காதுல போன் வச்சிருந்தார், அந்தப் பக்கத்துல யார்கிட்டயோ சிரிச்சுக்கிட்டே அதைச் சொன்னார். எங்களுக்குத் தமிழ் தெரியாதுன்னு நினைச்சுட்டார் போல.

எனக்குக் கோவம் வரல. ஆனா பத்தாவது முடிச்ச எம் மக தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அன்னைக்குச் சாயங்காலம் கீழே விளையாடுற பிள்ளைக "எந்த ஊர்?"னு கேட்டப்போ "திருநெல்வேலி பக்கம்"னு சொன்னா. நாசரேத்னு சொல்லல. சொன்னா, "இயேசு பொறந்த ஊரா?"ன்னு கேக்கிறாங்களாம். (அவர் பொறந்தது பெத்லகேம், வளந்ததுதான் நாசரேத். அதுவும் வேற நாசரேத்.) அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுதேன். எம் பிள்ளை தன் ஊர்ப் பேரை முழுங்கும்படி உங்க ஊர்ல ஒரு வாரத்துல என்னத்தைப் பார்த்துட்டா, நாங்க என்னத்தைத் தின்னுட்டோம்னு வரிசையாச் சொல்லுதேன். தீர்ப்பை நீங்களே சொல்லுங்க.

சென்னைக்குப் போற எண்ணமே எனக்கு இல்ல. 2023 டிசம்பர் 17, 18 மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெய்ஞ்சது. கடம்பாகுளத்துத் தண்ணிய நம்பிப் போட்ட எங்க வாழை, குலை தள்ளுற நேரத்துல சாஞ்சது. தண்ணி வடிஞ்சப்புறம் வயல்ல முழங்கால் உயரத்துக்கு மணலும் வண்டலும். அதை அள்ளிப் போட்டு மறுபடி கன்னு வைக்கிறதுக்கு ஏப்ரல் ஆயிட்டு. "பிள்ளைக அஞ்சு மாசமா சேத்தைத்தான் பார்த்திருக்கு. ஒரு வாரம் எங்கயாவது கூட்டிட்டுப் போங்க"ன்னு வீட்டுல சொன்னா. அவ தம்பி சென்னையில வேலை பார்க்கான். செந்தூர் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி நாசரேத்துல ஏறினா மறுநாள் காலையில எழும்பூர். அம்மா ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய முந்திரிக்கொத்தும் இன்னொன்னுல முறுக்கும் எடுத்துக்கிட்டா.

மச்சினன் நல்ல பையன். ஏழு நாளைக்கும் போன்ல ஒரு பட்டியல் போட்டு வச்சிருந்தான். முதல் நாளே பெரிய மால். "அத்தான், இதைப் பார்க்காம மெட்ராஸ் பார்த்தேன்னு சொல்லக் கூடாது."

சரி, பார்த்தோம். வெளியே நாப்பது டிகிரி வெயில், உள்ளே மார்கழி மாசம். ஒவ்வொரு கடை வாசல்லயும் ஒரு பிள்ளை சிரிச்சுக்கிட்டு நிக்குது. உக்கார எடம் மட்டும் இல்ல. எங்கம்மாவுக்கு மூட்டு வலி. மூணு மாடி நடந்தும் காசு குடுக்காம உக்காரக்கூடிய ஒரு பெஞ்சு எங்க கண்ணுல படல. எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல கூட ஒரு சிமெண்டுத் திண்ணை உண்டு.

மேல் மாடியில சினிமா. வாசல்ல பையைத் திறக்கச் சொன்னாங்க. வெடிகுண்டு தேடுறாங்கன்னு நினைச்சேன். தேடுனது முறுக்கை. "வெளிச் சாப்பாடு அலவ்டு இல்ல சார்." அம்மா கொஞ்சம் முறுக்கை மஞ்சள் பையில முடிஞ்சு கொண்டு வந்திருந்தா. அங்க இருந்த தொட்டியில போடச் சொன்னான் அந்தப் பையன். அவனைச் சொல்லிக் குத்தமில்ல, அவனுக்குச் சம்பளம் அதுக்குத்தான். அம்மா போடல. "திங்கிற பண்டத்தைக் குப்பையில போடுன்னு சொல்லுதானே, இவன் ஆத்தா இவனைப் பட்டினி போட்டே வளத்தாளா?"ன்னு கேட்டுட்டு, படம் முடியிற வரைக்கும் வெளியே நின்னுட்டா. கூட நானும் நின்னேன். உள்ளே போன பிள்ளைகளுக்கு மச்சினன் வாங்கிக் குடுத்த ஒரு வாளி பொரிச்ச சோளம், எனக்கு ஏலத்துல ஒரு வாழைத்தாருக்குக் கிடைக்கிற காசு. பத்துப் பன்னெண்டு மாசம் தண்ணி பாய்ச்சி, முட்டுக் குடுத்து, காத்துக்குப் பயந்து வளத்த தாரும், அஞ்சு நிமிஷம் மெஷின்ல பொரிஞ்ச சோளமும் ஒரே விலை.

சட்டம் அவங்க பக்கம்தான், தெரியும். 2023 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லிட்டுது: தியேட்டர் தனியார் இடம், வெளிச் சாப்பாட்டைத் தடுக்க அவங்களுக்கு உரிமை உண்டு, ஆனா குடிதண்ணி சும்மா குடுக்கணும்னு. நான் தண்ணி கேட்டேன். பாட்டிலைக் காட்டினாங்க. வேறொரு மூலையில குழாய் இருக்குன்னு துப்புரவு செய்யிற அக்கா ஒருத்திதான் ரகசியம் மாதிரி சொன்னா. சட்டம் அந்த மூலையில ஒளிஞ்சுகிட்டு இருந்தது.

இதையெல்லாம் படிச்சுட்டு "மாலுக்கு ஏன் போறீங்க?"ன்னு கேப்பீங்க. நான் போகலய்யா, நீங்கதான் கூட்டிட்டுப் போறீங்க. ஊர்லருந்து சொந்தக்காரன் வந்தா முதல்ல அங்கதான கூட்டிட்டுப் போறீங்க?

மூணாம் நாள் கருப்பட்டி காபி. "அத்தான், நம்ம ஊர் டேஸ்ட்டு"ன்னு மச்சினன் கார்ல அரை மணி நேரம் ஓட்டிட்டுப் போனான். சுவர்ல ஓலைப்பெட்டி, பனை விசிறி, பழைய உலக்கை ஒண்ணு. எங்க வீட்டுல உலக்கை மூலையில கிடக்கு, இங்க ஆணி அடிச்சு மாட்டியிருக்கு. காபி ஒரு டம்ளர் அறுபது ரூபா. ஒரு வாய் குடிச்சதும் அம்மா என்னைப் பார்த்தா, நான் அம்மாவைப் பார்த்தேன். நல்ல கருப்பட்டியில இனிப்புக்குப் பின்னால லேசா ஒரு கரிப்பு நாக்குல நிக்கும். இது மொத்தமும் சீனி. கருப்பட்டி பேருக்கு.

கடைக்காரரை மட்டும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். கருப்பட்டி எப்படி வருதுன்னு தெரிஞ்சா உங்களுக்கே விளங்கும். பனையேறி விடிய முன்னாடி ஏறணும், சாயங்காலமும் ஏறணும். ஒவ்வொரு தடவையும் பாளையைச் சீவணும். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவணும், இல்லன்னா பதநீர் கள்ளாப் போயிரும். இறக்கின பதநீரை அன்னைக்கே விறகு வச்சுக் காய்ச்சி, கூப்பதம் பார்த்து, சிரட்டையில ஊத்தணும். இதுவும் வருசம் முழுக்க இல்ல, பங்குனி வாக்குல ஆரம்பிச்சு ஆவணி வரைக்கும். ஆனா நீங்க ஐப்பசி மழையிலயும் தெருவுக்குத் தெரு கருப்பட்டி காபி, கருப்பட்டி மைசூர்பாகு, கருப்பட்டி ஐஸ்கிரீம்னு கேக்குறீங்க. ஏறுறதுக்கு ஆள் வருசா வருசம் குறையுது. எங்க தெருவுலயே பனையேறி மகன் ஒருத்தனும் பனை ஏறல. அப்போ அவ்வளவு கருப்பட்டி எங்கருந்து வரும்? மூட்டை மூட்டையாச் சீனியிலருந்து வரும். 2023-ல உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு குடுத்தாங்க. சந்தோசம். அந்தச் சான்றிதழ் மரத்துல ஏறாது. ஏறுறவனுக்கு என்ன கிடைக்குதுன்னு கேக்காம அறுபது ரூபா குடுத்து "பாரம்பரியம்"னு போட்டோ எடுக்குறீங்க பாருங்க, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

மறுநாள் தி.நகர். ரங்கநாதன் தெருவுல பிள்ளைகளைக் கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டு வர்றதே ஒரு யாத்திரை. துணி எடுத்தோம், பாத்திரம் பார்த்தோம். எம் மகன் ஏழு மாடிக் கடையை அண்ணாந்து பார்த்தான். நான் சொன்னேன், "ஏல, இந்தத் தெருவுல சரவணா ஸ்டோர்ஸ் ஆரம்பிச்சவங்க பணிக்கநாடார் குடியிருப்புக்காரங்க. நம்ம திருச்செந்தூர் பக்கம்." அவன் நம்பல. மதியம் சாப்பாட்டுக்கு ஒரு ஓட்டல்ல உக்காந்தப்போ இன்னொண்ணும் சொன்னேன். 1981-ல கே.கே.நகர்ல முதல் சரவணபவன் திறந்த ராஜகோபால் நமக்குப் பக்கத்துப் புன்னையடி. அந்த ஆளோட வாழ்க்கை எங்க போய் முடிஞ்சதுன்னு ஊருக்கே தெரியும், அதை நான் வெள்ளையடிக்கல. ஆனா இன்னைக்கு உலகம் பூரா சென்னை இட்லி, சென்னை சாம்பார்னு பேர் வாங்கின சாப்பாட்டுல எங்க தேரிக்காட்டுக்காரன் கை இருக்கு. உங்க தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரரை எதுக்கு "அண்ணாச்சி"ன்னு கூப்பிடுறீங்க? அது உங்க ஊர்ச் சொல்லா?

மச்சினன் வீட்டுக்குக் கீழயே அப்படி ஒரு அண்ணாச்சி. நான் பேச்சைத் திறந்ததும் தராசை வச்சுட்டு, "எந்தூரு?"ன்னார். நாசரேத்துன்னேன். அவர் சாத்தான்குளம். வெள்ளத்துல வாழை போச்சான்னு கேட்ட முதல் ஆள் சென்னையில அவர்தான். பிள்ளைக கையில கடலைமிட்டாயைத் திணிச்சுட்டுக் காசு வாங்க மாட்டேன்னுட்டார். அந்த ஒரு வாரத்துல எங்களுக்குக் கிடைச்ச மிட்டாய்க்கடை அதுதான்.

நியாயமாப் பேசணும்னா உங்க ஊர்ல எனக்குப் பிடிச்சதும் உண்டு. மெட்ரோ ரயில் பிடிச்சது, அம்மா ரெண்டு தடவை ஏறணும்னு அடம் பிடிச்சா. மெரினா ரொம்பப் பிடிச்சது. கடலுக்காக இல்ல, கடல் எங்களுக்கு மணப்பாட்டுல இதைவிட அழகா இருக்கு. ஆளுகளுக்காக. மூட்டை தூக்குறவன், ஆபீசர், புதுசாக் கல்யாணம் ஆனது, கிழவி எல்லாரும் ஒரே மணல்ல உக்காந்திருக்காங்க. யாரும் யார் பையையும் திறந்து பார்க்கல. எங்கம்மா மிச்ச முறுக்கை அங்கதான் தின்னா, பக்கத்துல உக்காந்திருந்த வடக்கத்திப் பிள்ளைகளுக்கும் குடுத்தா. ஆனா மச்சினன் பட்டியல்ல மெரினாவுக்கு ஒதுக்கியிருந்தது ஒரு மணி நேரம். மாலுக்கு ஒரு பகல் முழுக்க.

இப்போ முக்கியமான இடத்துக்கு வாரேன். பட்டியல்ல இல்லாத இடம். எழும்பூர் அருங்காட்சியகம்.

நான்தான் போகணும்னு சொன்னேன். வெள்ளிக்கிழமை போய் நின்னோம், பூட்டியிருந்தது. வெள்ளி விடுமுறை, விசாரிக்காமப் போனது எங்க தப்பு. "விடுங்கத்தான், பழைய சட்டி பானைதான்"னான் மச்சினன். பதினஞ்சு வருசமா சென்னையில இருக்கான், ஒரு தடவை கூட உள்ளே போனதில்ல. சனிக்கிழமை மறுபடி போனோம். 1851-ல ஆரம்பிச்ச அருங்காட்சியகம். அமராவதிக் கல், நடராசர் செப்புத் திருமேனி எல்லாம் பார்த்துட்டு, கடைசியா ஆதிச்சநல்லூர்ப் பொருள் இருக்கிற இடத்துக்கு வந்தோம்.

ஆதிச்சநல்லூர் எங்கன்னு தெரியுமா? எங்க ஊர்லருந்து திருநெல்வேலி போற வழியில, ஸ்ரீவைகுண்டத்துக்கு அந்தப் பக்கம், தாமிரபரணிக் கரை. பஸ்ல ஒரு மணி நேரம் கூட ஆகாது. 114 ஏக்கர் பரம்பு. பரம்புக்குள்ள பூரா தாழி தாழியா எங்க முன்னோர். 1876-ல பெர்லின்ல இருந்து ஜாகோர்னு ஒருத்தர் வந்து தோண்டி எடுத்துட்டுப் போனார். அதே 1876-லதான் எங்க நாசரேத்துக்கு மர்காஷிஸ் ஐயர் வந்தார், ஊரையே கட்டினார். ஒரு வெள்ளைக்காரர் வந்து இருந்து குடுத்தார், இன்னொருத்தர் எடுத்துக்கிட்டுப் போனார், ஒரே வருசம். அப்புறம் 1899-லருந்து 1905 வரைக்கும் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். இடையில பாரிஸ்லருந்து லாப்பிக் வந்து அவர் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துட்டுப் போனார். ரீ எடுத்ததுதான் எழும்பூருக்கு வந்தது. தங்க நெற்றிப்பட்டம், வெண்கலச் சாமான், இரும்பு வாள், ஈட்டி. எருமை, ஆடு நிக்கிற மாதிரி மூடி செஞ்சிருக்காங்க. தாழிக்குள்ள நெல் உமி கூட இருந்திருக்கு. 2004-ல மறுபடி தோண்டினாங்க, அதோட அறிக்கைக்கு நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டி வந்தது. அப்போ எடுத்த மாதிரியைச் சோதிச்சதுல வந்த காலம் கி.மு. 905, கி.மு. 696.

எங்கம்மா கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால குனிஞ்சு ஒரு துருப்பிடிச்ச இரும்பையே பார்த்துக்கிட்டு நின்னா. "ஏல, இது நம்ம மம்பட்டிலா?" மம்பட்டிதான். மண்வெட்டி. ரீ எடுத்த பட்டியல்லயே மம்பட்டி உண்டு. இலை கொஞ்சம் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான். டிசம்பர்ல எங்க வயல் மணலை எதை வச்சு அள்ளினோமோ அதோட பாட்டன் முப்பாட்டன். மூவாயிரம் வருசத்துக்கு முன்னால ஒருத்தன் செத்தப்போ, அவன் கூட அதையும் வச்சுப் புதைச்சிருக்காங்க.

எம் மக ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டா, "அப்பா, இது எதுக்கு இங்க இருக்கு?"

மச்சினன் சொன்னான், "ஊர்ல இருந்திருந்தா பழைய இரும்புக்குப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்னுருப்பீங்க." அதுல நியாயம் இல்லன்னு சொல்ல மாட்டேன். நூறு வருசத்துக்கு மேல பத்திரமா வச்சிருந்ததுக்கு எழும்பூருக்கு ஒரு கும்பிடு. ஆனா இப்போ நிலைமை அது இல்லையே. 2020 மத்திய பட்ஜெட்ல ஆதிச்சநல்லூர்ல அருங்காட்சியகம் வரும்னு சொன்னாங்க. 2023 ஆகஸ்ட் 5 அன்னைக்கு அடிக்கல்லும் நாட்டினாங்க, தோண்டின குழிக்கு மேல கண்ணாடி போட்டு, தாழியை இருந்த இடத்துலயே பார்க்க வச்சிருக்காங்க. வச்சுக் காப்பாத்த இடம் வருது. அப்போ எங்க மம்பட்டியை எங்ககிட்டத் தாங்க. பெர்லின்ல இருக்கிறதைக் கேக்குறதுக்கு முன்னால எழும்பூர்ல இருக்கிறதைக் கேக்கணும்ல?

நீங்க சொல்லலாம், தலைநகர்ல இருந்தாத்தான் நாலு பேர் பார்ப்பாங்கன்னு. அந்த நாலு பேரைத்தான் நானும் தேடுதேன். மால்ல நிக்க இடம் இல்ல, இங்க அந்தப் பெட்டி முன்னால நாங்க ஆறு பேரும் இன்னொரு குடும்பமும்தான். உங்க அடுக்குமாடியில ஒவ்வொரு கதவாத் தட்டிக் கேளுங்க, எத்தனை பேர் பார்த்திருக்காங்கன்னு. நீங்களும் பார்க்க மாட்டீங்க, எங்களுக்கும் தர மாட்டீங்கன்னா எப்படி?

அந்த இன்னொரு குடும்பம் ஆவடிக்காரங்க. அவங்க பிள்ளை தாழியைப் பார்த்து, "இது எந்த ஊர்?"னு அதோட அப்பாகிட்டக் கேட்டது. அவர் பலகையைத் தேடிக்கிட்டு இருந்தார். எம் மகதான் சொன்னா. "எங்க ஊர்ப்பக்கம். நான் நாசரேத்." அப்புறம் பத்து நிமிஷம் அந்தப் பிள்ளைக்குத் தாழிக்குள்ள எப்படி வைப்பாங்க, என்னென்ன வைப்பாங்கன்னு விளக்கிச் சொல்லிட்டிருந்தா. அதுல பாதி அவளா விட்ட கதை. நான் திருத்தல.

ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து, மத்தியானம் மச்சினன் நண்பர்கள் ரெண்டு பேர் சாப்பிட வந்தாங்க. ஒருத்தர், "கிராமத்துக்காரங்க மனசு வேற, ஆனா சிட்டில பிழைக்கத் தெரியாது"ன்னார். பாராட்டுதானாம். நான் அவர்கிட்ட அந்த டிசம்பர் 17 ராத்திரியைச் சொன்னேன். திருச்செந்தூர்லருந்து சென்னைக்குக் கிளம்பின இதே செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்துக்குக் கீழ மண் அரிச்சுப் போய், ஸ்ரீவைகுண்டத்துல நின்னுட்டு. சுமார் 800 பேர். முருகனைக் கும்பிட்டுட்டுத் திரும்பின உங்க ஊர்க்காரங்களும் அதுல உண்டு. சுத்தி வெள்ளம், ரோடு இல்ல, போன் இல்ல, ரெண்டு நாள். ஹெலிகாப்டர்ல பொட்டலம் வர்றதுக்கு முன்னால அவங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது பக்கத்துப் புதுக்குடி ஜனங்க. அவங்க வீட்டுக்குள்ளயும் தண்ணிதான். இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கினாங்க. எந்த ஊர், என்ன சாதின்னு யாரும் பையைத் திறந்து பார்க்கல. பிழைக்கத் தெரியாதவங்க வேலைதான் அது.

அவர் கொஞ்ச நேரம் இலையைப் பார்த்துக்கிட்டு இருந்தார். நான் சாப்பாட்டு நேரத்துல கொஞ்சம் அதிகமாவே பேசிட்டேன்னு வீட்டுல அப்புறம் திட்டினா. அதுவும் சரிதான்.

அன்னைக்கு ராத்திரி ஊருக்குக் கிளம்பி, பெட்டியோட லிப்ட்ல இறங்கினோம். நாலாவது மாடியில அதே பெரியவர் ஏறினார். எங்கம்மாவுக்கு அவர் சொன்ன சொலவடை காதுல விழலையோ, இல்ல விழுந்துதான் இதைச் செஞ்சாளோ, எனக்குத் தெரியாது. டப்பாவைத் திறந்து மிச்சம் இருந்த முந்திரிக்கொத்துல ரெண்டை எடுத்து அவர் கையில வச்சா. "திண்ணு பாருங்கய்யா. பாசிப்பயறும் நல்ல கருப்பட்டியும். நானே சுட்டது."

கடிச்சவர் ஒரு நிமிஷம் அப்படியே நின்னார். லிப்ட் கதவு திறந்தும் இறங்கல.

"ரொம்ப நல்லா இருக்கே! இது ஆன்லைன்ல கிடைக்குமாம்மா?"

"அது என்ன எடமோ, எனக்குத் தெரியாதுய்யா. நாசரேத்துக்கு வாங்க, சுட்டுத் தாரேன்."